ஒத்திகைக்குப் போன வக்கீல்

வக்கீல் ஆராவமுதன் போய்விட்டார் என்று எனக்குச் சொன்னது அவருடைய எதிர்வீட்டு அம்மாள். காலைக் காபிக்குப் பிறகு, கூடத்து நாற்காலியில், பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டபடியே போயிருக்கிறார். மகள் பத்மு பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அப்பா தூங்குகிறார் என்று நினைத்து, தோலைக்கூடச் சத்தமில்லாமல் போட்டிருக்கிறாள். பட்டாணி தீர்ந்த பிறகும் அவர் எழுந்திருக்காததால் எதிர்வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள்.

போனை வைத்துவிட்டு நான் அழவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்து, நாலு புடவையும் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் எடுத்து வைத்தேன். அவர் என்னைப் பழக்கி வைத்திருந்தது அப்படித்தான். "செய்தி வந்தா நேரா பெட்டியை எடுங்கோ ஆடிட்டர். அழறதுக்கு அப்புறம் நிறைய நேரம் கிடைக்கும்" என்பார். அபிராமபுரத்திலிருந்து மயிலாப்பூர் என்ன தூரம்? ஆட்டோக்காரர் மீட்டர் போடவில்லை. வழக்கமாகச் சண்டை போடுகிற நான் அன்று போடவில்லை.

நான் மாடியேறிப் போனபோது பத்மு வாசலில் நின்றிருந்தாள். என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. "அப்பா ஒத்திகைக்குப் போறாரா மாமி?" என்று கேட்டாள்.

அவர் நினைவாக நான் எழுதுகிற இதைப் படிக்கிற உங்களில் பலர் அவருடைய கட்சிக்காரர்கள். ஒத்திகை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களே உங்கள் பிள்ளையை விட்டுவிட்டு, போனை அணைத்துவிட்டு, நங்கநல்லூரில் அந்த மாடி அறையில் ஒரு வாரம் உட்கார்ந்து சுவரைப் பார்த்தவர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆராவமுதன் உயில் எழுதுகிற வக்கீல். அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு கவலையோடு வந்தவர்கள்: தனியாகப் பிழைக்க முடியாத ஒரு பிள்ளை வீட்டில் இருக்கிறது, எங்களுக்குப் பிறகு அதை யார் பார்த்துக்கொள்வார்கள்? அப்படிப்பட்டவர்களுக்கு அவர் உயில் மட்டும் எழுதித் தர மாட்டார். டிரஸ்ட் எழுதுவார், பிள்ளைக்காக வீட்டையும் பணத்தையும் அதில் வைத்து, நடத்துவதற்கு ஒரு டிரஸ்டியைப் போடுவார். "உயில்ங்கறது நீங்க போனப்புறம் ஒரே ஒரு தடவை பேசற பேச்சு. பேசி முடிச்சதும் வாயை மூடிண்டுடும். டிரஸ்ட் அப்படியில்லை. அது தினமும் காலம்பற எழுந்து பால் வாங்கும்" என்று அவர் சொல்லக் கேட்காத கட்சிக்காரர் யாராவது இருந்தால் அவர் வேறு வக்கீலிடம் போனவராக இருக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் எல்லா வக்கீலும் கையெழுத்து வாங்குவார்கள். இவர் அதற்கு முன்னால் பெற்றோரை ஊரைவிட்டு ஓடச் சொல்வார். ஒரு வாரம் அவர்கள் செத்துப்போனதாகக் கணக்கு. டிரஸ்டி என்று எழுதப்பட்டவர் வந்து வீட்டில் தங்கி, டிரஸ்ட் பணத்தை வைத்துப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எதுவானாலும் பெற்றோரைக் கேட்கக் கூடாது. சரிப்பட்டால் கையெழுத்து. சரிப்படாவிட்டால் பத்திரத்தைக் கிழித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. இதற்காகவே நங்கநல்லூரில், ஆஞ்சநேயர் கோயிலுக்கு நடக்கிற தூரத்தில், தெரிந்தவர் ஒருவரின் மாடி அறையை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார். அந்த வாடகையைக் கட்சிக்காரர்களிடம் கேட்கச் சொல்லி நான் எத்தனையோ முறை சண்டை போட்டேன், கேட்கவில்லை.

நான் அவர் எழுதிய டிரஸ்டுகளுக்குக் கணக்குப் பார்த்தவள். பெயர் கஸ்தூரி. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, ஆடிட்டர்தான். நான் அவரை வக்கீல் சார் என்பேன். அவர் மகள் பத்மு மட்டும் மாமி என்பாள். கல்யாணமே ஆகாதவளை மாமி என்று கூப்பிடாதே என்று ஆரம்பத்தில் ஒருமுறை சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "சரி மாமி" என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

தி.நகர்க் குடும்பம் ஒன்று. அப்பா ஓய்வுபெற்ற பொறியாளர். இரண்டாவது மகனுக்குப் பேச்சு வராது, வெளியாட்களைக் கண்டால் ஆகாது. மூத்த மகனை டிரஸ்டியாகப் போட்டார்கள். தங்கமான பையன், அண்ணன் தம்பிக்குள் நல்ல பாசம். ஒத்திகையெல்லாம் எதற்கு என்று பொறியாளருக்குக் கோபம். இரண்டாம் நாளே மூத்தவன் வக்கீலுக்குப் போன் செய்தான். நானும் வக்கீலின் ஆபீசில் இருந்தேன். தம்பி நேற்றிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை, அம்மாவிடம் ஒரே நிமிஷம் பேச வேண்டும் என்று கெஞ்சினான்.

"உங்கம்மா இப்ப இல்லைன்னு வெச்சுக்கோங்கோ. யார்கிட்ட கேப்பேள்?"

"இப்படியெல்லாம் பேசாதீங்க சார், நல்லாயில்ல."

"நல்லாத்தான் இல்லை. நீங்க தட்டு வெச்சப்புறம் என்ன பண்றேள்?"

"ரூமுக்குப் போயிடுவேன். ஆபீஸ் மீட்டிங் இருக்கும்."

"இன்னிக்கு மீட்டிங் வேண்டாம். எதிர்ல உக்காந்து நீங்களும் சாப்பிடுங்கோ."

அவ்வளவுதான் விஷயம். அம்மா தம்பிக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவாள், அவள் ஒரு வாய் வைத்தால் இவன் ஒரு வாய் வைப்பான். முப்பது பக்கப் பத்திரத்தில் வைப்புநிதி உண்டு, மருத்துவக் காப்பீடு உண்டு, டிரஸ்டி செத்தால் அடுத்த டிரஸ்டி உண்டு. உட்கார்ந்து சாப்பிடு என்பது இல்லை. நங்கநல்லூரிலிருந்து திரும்பிய அந்த அம்மாள் இதைக் கேட்டுவிட்டு, "இதைச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லையே சார்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "எப்படிம்மா தோணும்? மூச்சு விடறதை யாராவது எழுதிக் குடுப்பாளா?" என்றார் ஆராவமுதன். நான் அப்போதெல்லாம் என் சாப்பாட்டை அடுப்படியிலேயே நின்றுகொண்டு முடித்துவிடுகிறவள். அன்று ராத்திரி நிற்கும்போது கொஞ்சம் என்னவோ போலிருந்தது.

ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து பாக்கியம் வந்தது இன்னொரு நாள். மீன் விற்று முடித்து, கூடையோடு வந்துவிட்டாள். கூடையை மாடிப்படிக்கு அடியில் வைத்ததில் அன்று பூராவும் தெருப்பூனைகள் அத்தனையும் வக்கீல் ஆபீஸ் இருந்த ஆசாரமான கட்டடத்தைச் சுற்றிவந்தன. கீழ்வீட்டுக்காரர்கள் வக்கீலோடு ஒரு மாதம் பேசவில்லை. பாக்கியத்துக்குக் குப்பத்தில் சொந்தமாகச் சின்ன வீடு. ஒரே மகன் ஏழுமலை, ஆள் வளர்ந்தும் குழந்தைதான்.

"வூட்ட தங்கச்சி பேருக்கு எயுதி வச்சிட்டா புள்ளய அது பாத்துக்கும்னு அல்லாரும் சொல்லிக்கினு கீறாங்க சார். நீ இன்னா சொல்ற?"

"தங்கச்சி பார்த்துப்பா. சரி. தங்கச்சிக்கு அப்புறம்?"

"அது பசங்க கீதுங்களே."

"அவங்க பார்த்துப்பாங்களா?"

பாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இப்பவே அவனப் பாத்து சிரிக்குதுங்க சார்."

வீட்டைத் தங்கைக்கு எழுதிக் கொடுத்தால் அது தங்கையின் வீடு, நாளைக்கு அவள் பிள்ளைகளின் வீடு. ஏழுமலை அதில் யார் என்று கேட்க ஆளிருக்காது. டிரஸ்டில் வைத்தால் அவன் உள்ளவரை அவனுக்கு. தங்கை நடத்தலாம், விற்க முடியாது. இதை அவர் ஒரு காபி டம்ளரையும் அதன் டபராவையும் வைத்து விளக்கினார். காபி யாருக்கு, டபராவைப் பிடிக்கிற கை யாருடையது என்று. "டிரஸ்டி கையில எல்லாம் இருக்கும், டிரஸ்டிக்குன்னு ஒண்ணும் இருக்காது. இதுக்கு உன் தங்கச்சி ஒத்துப்பாளான்னு கேட்டுண்டு வா" என்றார். தங்கை ஒத்துக்கொண்டாள். ஒத்திகை என்றதும் பாக்கியம் சிரித்தாள். நங்கநல்லூருக்குப் போக மாட்டேன், அங்கே மீன் வாசனையே இருக்காது, தூக்கம் வராது என்று காசிமேட்டில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்தாள்.

திரும்பி வந்தவள் நேராக ஆபீசுக்கு வந்து வக்கீல்மேல் பாய்ந்தாள். "என் புள்ள என்னத் தேடவே இல்ல சார். சித்தி கையால துன்னுட்டு நல்லா தூங்கிக்கினு கீறான்."

"அதுதானேம்மா நமக்கு வேணும்?"

"வோணும் சார்" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டாள். "வோணாம் சார்."

அவள் போன பிறகு ஆராவமுதன் அந்த இரண்டு வார்த்தையையும் அவளைப் போலவே சொல்லிப் பார்த்தார்.

ஊருக்கெல்லாம் ஒத்திகை வைத்த மனிதர் தன் வீட்டுக்கு மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். பத்முவுக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. பிறந்ததிலிருந்தே புத்தி மெதுவாகத்தான் நடக்கும். எண்ணத் தெரியாது, பஸ் ஏறித் தனியாக வரத் தெரியாது. வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அவளுடைய அம்மா போய் வருஷங்களாகின்றன. பத்முவுக்கான டிரஸ்டில் அவர் டிரஸ்டியாகப் போட்டிருந்தது வெளிநாட்டில் இருக்கிற தம்பி மகனை. நான் கேலி செய்தேன். "காலம்பற எழுந்து அமெரிக்காலேர்ந்து பால் வாங்குவானா சார்?" ரோஷம் வந்து, அவன் லீவில் வந்தபோது ஒத்திகை வைத்தார். பையன் கெட்டிக்காரன். சாப்பாடு, மருந்து, வேலைக்காரப் பெண்ணுக்குச் சம்பளம் எல்லாவற்றையும் போனிலேயே ஏற்பாடு செய்தான். எங்கிருந்தாலும் அக்காவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கூடத்தில் ஒரு கேமராவும் மாட்டினான். பத்மு அன்றைக்கே அதன்மேல் அப்பாவின் ஈரிழைத் துண்டைக் காயப்போட்டுவிட்டாள். எடுக்க எடுக்கப் போட்டாள். பத்திரம் கிழிந்தது.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு எனக்கு விஷக் காய்ச்சல். போன் அணைந்துபோனதுகூடத் தெரியாமல் படுத்துக் கிடந்தேன். தனியாக இருக்கிறவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை; பால் பாக்கெட் கதவில் தொங்கும், நாம் ஊருக்குப் போயிருப்பதாகச் செக்யூரிட்டி நினைத்துக்கொள்வார். யாரோ கதவை இடிக்கிற சத்தம் கேட்டு எழுந்து திறந்தால் வக்கீலும் பத்முவும் நிற்கிறார்கள். பத்மு உள்ளே வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவள் வீடு மாதிரி சமையலறைக்குள் போய்விட்டாள்.

"மாமி ஏன் வரலை, மாமி ஏன் வரலைன்னு காதைத் துளைச்சு எடுத்துட்டா. உங்களுக்கு நடந்திருக்கறது ஒத்திகை, ஆடிட்டர். ஒரு ஆள் தேடியிருக்கு" என்றார். காய்ச்சலில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வழக்கமாக நான் அழுகிறவள் இல்லை. அவர் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் போய், அடுத்த வாக்கியத்தை வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "பத்முவுக்கு நீங்க டிரஸ்டியா இருக்கணும். என்னைவிடப் பத்து வயசு சின்னவா நீங்க. உங்களுக்கு அப்புறம் யாருங்கறதை நாம ரெண்டு பேருமா உக்காந்து யோசிப்போம்."

அந்த யோசனை இன்னும் முடியவில்லை. இப்போது நான் ஒருத்தியாகத்தான் யோசிக்க வேண்டும்.

முதல் ஒத்திகைக்கு நான் பெட்டியோடு போய் இறங்கினேன். அவர் துணிப்பையோடு நங்கநல்லூருக்குப் போனார். பத்முவும் நானும் முதலில் நாலு நாள் சண்டை போட்டோம். எனக்கு ஆறிப்போன வெந்நீர் பிடிக்காது, அவளுக்கு நான் சீரியல் சத்தத்தைக் குறைப்பது பிடிக்காது. பிறகு சரியாகிவிட்டது. வாரம் முடிந்து அவர் வந்தார். கீழிருந்தே அழைப்புமணியை அடித்துவிட்டு, கையில் கோயில் வடையோடு மாடியேறினார். அனுமாருக்குச் சாற்றுகிற மிளகு வடை, கடித்தால் பல்லைக் கேட்கும். பத்மு ஓடிப்போய் முதலில் பொட்டலத்தைத்தான் வாங்கினாள்.

வக்கீல் என்னிடம் தணிந்த குரலில் கேட்டார். "தேடினாளா?"

"இல்லை" என்றேன். சர்க்கரை தடவிப் பேச எனக்கு வராது.

"ரொம்ப நல்லது" என்றார். செருப்பைக் கழற்ற அவருக்கு அன்று நேரம் பிடித்தது. குனிந்தபடியே, "பாக்கியம் சொன்னது சரிதான் ஆடிட்டர். ரெண்டும் சரி" என்றார்.

பத்மு அதற்குள் மூன்று தட்டு கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டாள். எண்ணத் தெரியாதவள் பங்கு போடுவது எப்படி என்று அன்றுதான் பார்த்தேன். தட்டுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போனாள். "எனக்கு, அப்பாவுக்கு, மாமிக்கு. எனக்கு, அப்பாவுக்கு, மாமிக்கு." கடைசியில் ஒன்று மிஞ்சினால் அது காக்காய்க்கு. "இந்த ஆத்துல நடக்கற ஒரே பாகப்பிரிவினை இதுதான். மேல்முறையீடு கிடையாது" என்றார் வக்கீல். அதன்பிறகு வருஷத்துக்கு ஒருமுறை நான் பெட்டியோடு வருவேன், அவர் போவார், வடையோடு திரும்புவார், அவள் பங்கு போடுவாள்.

ஒரு ஒத்திகையின் நடுவில் அவருடைய கையெழுத்து அவசரமாகத் தேவைப்பட்டு, பத்முவை வேலைக்காரப் பெண்ணிடம் விட்டுவிட்டு நங்கநல்லூருக்கே போனேன். விதிமீறல்தான், வேறு கட்சிக்காரர் விஷயம் என்பதால் அனுமதித்தார். அறையில் ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், கொடியில் ஒரு வேட்டி. டிவி கிடையாது. புத்தகம்கூடக் கொண்டுவரவில்லை. என்ன செய்கிறீர்கள் சார் பொழுதுக்கும் என்றேன். "இல்லாம இருந்து பழகறேன்" என்றார், சிரித்துக்கொண்டுதான். கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடும்போது, "இன்னிக்கு ஆத்துல என்ன சமையல்?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டித் தடுத்தார். "சொல்லாதீங்கோ. நான்தான் இல்லையே." வாழைக்காய் கறியும் வத்தக்குழம்பும் என்று சொல்ல முடியாமல் படியிறங்கி வந்தேன். அந்தத் தெருமுனை வரைக்கும் அவர் ஜன்னலில் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும், திரும்பிப் பார்க்கவில்லை.

இனி அவர் போன அன்றைக்கு வருகிறேன். மாலையில் அவரை எடுத்துக்கொண்டு போனார்கள். பத்மு என் கையைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றாள். "அப்பா நங்கநல்லூருக்கா மாமி?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற உறவுக்காரப் பெண்மணி ஒருத்தி, "ஆமாண்டி கண்ணு, வந்துடுவார்" என்று அவள் தலையைத் தடவினாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அன்றிரவே வண்டி பிடித்து அவள் ஊருக்குப் போய்விட்டாள். அந்த வார்த்தையோடு வீட்டில் இருக்க வேண்டியவள் நான்.

தம்பி மகன் விமானம் பிடித்து வந்து காரியங்களைச் செய்துவிட்டுத் திரும்பிப் போனான். மற்றபடி எதுவும் நிற்கவில்லை. வீடு முன்பே டிரஸ்டில் இருந்தது. வங்கிக் கணக்கில் என் கையெழுத்து செல்லும். மிச்சம் மீதியைச் சொல்ல ஒரு சின்ன உயில், அதில் அவர் புத்தகங்களும் ஒரு பழைய கைக்கடிகாரமும்தான். அவர் போன மறுநாள் காலையிலும் பால் வந்தது. வேலைக்காரப் பெண்ணுக்கு முதல் தேதி சம்பளம் போனது. பாக்கியம் வந்து தெருவே கேட்க அழுதாள். பத்மு அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாம் அவர் எழுதினபடியே நடந்தது.

ஒன்றை மட்டும் அவர் யோசிக்கவில்லை. ஒத்திகைக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது என்று பாடுபட்டு, வித்தியாசமே இல்லாமல் செய்துவிட்டுப் போய்விட்டார். நான் பெட்டியோடு வந்தேன், அப்பா போனார்; ஆகவே அப்பா வடையோடு வருவார். பத்முவின் கணக்கில் பிழை எங்கே? ஒரு வாரம் கழிந்ததும் அவள் சாயங்காலம் பால்கனியில் நிற்க ஆரம்பித்தாள். கீழே யாராவது அழைப்புமணியை அடித்தால் ஓடிப்போய்த் தட்டுகளை எடுத்து வைப்பாள். கூரியர்க்காரனாக இருந்தால் திரும்ப எடுத்துக்கொண்டு போய் வைப்பாள். சாப்பாடு குறைந்தது. சீரியல் சத்தத்தை அவளே குறைத்தாள். அப்பாவைத் தேடக் கூடாது என்றுதானே அத்தனை வருஷம் பார்த்துப் பார்த்துச் செய்தோம்? இப்போது தேடுகிறாள் சார், உங்களுக்குச் சந்தோஷம்தானே என்று, மாலை போட்டிருந்த அவர் படத்தைப் பார்த்து ஒருநாள் சத்தம் போட்டேன். எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் வந்தது. அந்தக் கோபத்தையும் சொல்லிக்கொள்ள இந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான்.

போன வாரம் பத்முவை நங்கநல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்காரர் அறையைத் திறந்துவிட்டார். கட்டில், ஸ்டூல், கொடி. பத்மு கதவுக்குப் பின்னால் பார்த்தாள். ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டாள். ஆட்டோவில் வரும்போது என்னென்னவோ வாக்கியங்களைத் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்றும் நினைவில் இல்லை. "அப்பா இங்கே இல்லை பத்மு. இனிமே எங்கேயும் இல்லை. அம்மா மாதிரி போயிட்டார். ஒத்திகை முடிஞ்சு போச்சு" என்றேன். அவள் கொடியில் கிடந்த அவருடைய துண்டை எடுத்து, ஈரமா என்று தொட்டுப் பார்த்து, மடித்து என் பையில் வைத்தாள்.

கோயிலுக்குப் போனோம். வடை கிடைத்தது. பொட்டலத்தை வழியெல்லாம் அவளே மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நான் சொன்னது அவளுக்குப் புரிந்ததா, காதில் விழுந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்குப் போய் மூன்று தட்டு எடுத்துவந்து தரையில் வைத்தாள். பொட்டலத்தைப் பிரித்தாள். முதல் வடையை எடுத்து, "எனக்கு" என்று வைத்தாள். இரண்டாவதை எடுத்தாள். நடுத்தட்டுக்கு மேலே அவள் கை கொஞ்சநேரம் நின்றது. பிறகு வடையைப் பொட்டலத்திலேயே போட்டுவிட்டு, அந்தத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அதை மற்றத் தட்டுகளின்மேல் வைக்கிற சத்தம் சமையலறையிலிருந்து கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். "எனக்கு, மாமிக்கு. எனக்கு, மாமிக்கு." கடைசிவரை அப்படியே போட்டு முடித்தாள். போட்டுவிட்டு, சாப்பிடாமல், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஆராவமுதனிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்கிறீர்கள். வீடு என் பொறுப்பில் இருக்கிறது, என்னுடையது அல்ல. பணம் என் கையெழுத்தில் இருக்கிறது, என்னுடையது அல்ல. டிரஸ்டிக்கென்று ஒன்றும் இருக்காது என்று டம்ளரையும் டபராவையும் வைத்து அவர் சொன்னது சட்டப்படி சரி. ஆனால் அன்று பத்மு பங்கு போட்டு என் பக்கம் தள்ளிய தட்டு என்னுடையது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தேன். அவளும் ஒரு வாய் வைத்தாள்.